நாற்பது கிராம்

அன்புள்ள கலைக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, பழைய தைலமே போதும் என்கிறாள். நீ அனுப்பிய வீடியோ வந்தது. அந்தக் குட்டி மரவண்டிப் பந்தயத்தில் அகிலன் வண்டி சரிவில் உருண்டு ஓடியதைப் பார்த்தேன், கடைசியாக வந்ததையும் பார்த்தேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அப்படியே நீதான்.

போனில் எதையும் முழுசாகப் பேச முடிவதில்லை. பேச்சு ஆரம்பிக்கும்போதே மீட்டிங் இருக்குப்பா என்று வைத்துவிடுகிறாய். ராணி அக்கா மகன் அடுத்த வாரம் கிளம்புகிறான். அவனிடம் ஒரு பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். எடை போட்ட போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். தராசில் 3.6 அவுன்ஸ் காட்டுகிறது. அந்தப் போட்டியில் 5 அவுன்ஸ் வரைக்கும் போகலாம் என்று விதி. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 142 கிராம். அகிலன் வண்டி 102 தான். நாற்பது கிராமைச் சும்மா விட்டுக் கொடுத்திருக்கிறோம். தோற்றதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி சக்கரத்தை மாட்டுகிற ஆணி. ஆணியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதை மறக்காமல் படி.

கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பத்தாவது படிக்கும்போது நீ எனக்குப் பாடம் எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அது சரிதான். நாலு அடி உயரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிற எதுவாக இருந்தாலும், காற்றும் உராய்வும் இல்லாவிட்டால், கீழே வரும்போது மணிக்கு 17 கிலோமீட்டர் சொச்சம்தான். நூறு கிராமானாலும் அதுதான், ஒரு கிலோவானாலும் அதுதான். ஆனால் காற்று இருக்கிறதே. ஒரே உருவத்தில் இரண்டு வண்டி ஒரே வேகத்தில் போனால் இரண்டையும் காற்று ஒரே பலத்தோடுதான் தடுக்கும். அதே தடை லேசான வண்டியைச் சீக்கிரம் மட்டுப்படுத்திவிடும், கனமான வண்டி முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். சரிவு முடிந்து சமதளத்தில் ஓடும்போது இது நன்றாகத் தெரியும். வீடியோவில் பார், சரிவில் இறங்கும்வரை அகிலன் வண்டி மற்றதோடு ஒட்டித்தான் வருகிறது. சமதளத்துக்கு வந்த பிறகுதான் பின்தங்குகிறது.

இன்னொன்று சக்கரம். இறங்கும்போது கிடைக்கிற சக்தியில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றவே போய்விடுகிறது. வண்டி செய்யக் கிடைக்கிற பெட்டியில் எல்லாருக்கும் வருகிற சக்கரம் ஒன்றேதான். வண்டியின் உடம்பு லேசாக இருந்தால் அந்தப் பங்கு பெரிசு, கனமாக இருந்தால் சின்னது. ஆணியில் வருகிற உராய்வு எடை கூடக் கூட அதுவும் கூடும், அதனால் அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. மொத்தத்தில், விதி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவையும் ஏற்றிவிட வேண்டும். ஒரு ரெண்டு கிராம் மட்டும் கைவசம் வைத்துக்கொள். போட்டியன்று அவர்கள் தராசு எப்படிக் காட்டும் என்று சொல்ல முடியாது.

எடையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பின்பக்கம் வை. ஏறி நிற்கிற சரிவில் பின்பக்கம்தான் உயரம். எடையை ஒரு அங்குலம் பின்னால் தள்ளினால், முப்பது டிகிரி சரிவில் அது அரை அங்குலம் கூடுதல் உயரத்திலிருந்து இறங்குகிற மாதிரி. சின்ன வயசில் பேரிங் வண்டி ஓட்டும்போது நீ எப்போதும் மணிப் பயலைப் பின்னால் உட்கார வைப்பாயே, யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்தாய். ஆனால் ஒரேயடியாகப் பின்னால் போனால் முன் சக்கரம் தரையில் பதியாது, வண்டி துள்ளும். ஸ்கேலை நிறுத்தி அதன் விளிம்பில் வண்டியை வைத்துப் பார். பின் ஆணிக்கு ஒரு அங்குலம் முன்னால் சமமாக நின்றால் சரி.

டங்ஸ்டன் வாங்கு. ஈயம் வேண்டாம், பிள்ளை கையில் படும். நாற்பது கிராம் இரும்பு வைக்க ஐந்து கன சென்டிமீட்டர் இடம் வேண்டும். டங்ஸ்டன் இரண்டில் அடங்கிவிடும். சின்னச் சின்ன உருளையாகக் கிடைக்கும். பின் ஆணிக்குப் பக்கத்தில் குறுக்காக ரெண்டு ஓட்டை போட்டு உள்ளே சொருகிப் பசை வைத்துவிடலாம்.

இந்த வருஷம் ஏன் எடை வைக்கவில்லை என்று அகிலனிடம் கேட்டேன். ஓட்டை போடவில்லை தாத்தா என்றான். ஏன் என்றேன். டிரில் மெஷின் அப்பா வீட்டில் இருக்கு என்றான்.

சரி, அது இருக்கட்டும். ஆணிக்கு வருகிறேன்.

பெட்டியில் வருகிற நாலு ஆணியில் ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பார். தலைக்கு அடியில் ஒரு பிசிறு இருக்கும், அச்சில் அடித்தபோது வந்தது. கம்பியில் மெல்லிசாகக் கோடுகள் தெரியும், அச்சு கடித்த இடம். நகத்தை ஓட்டினால் தட்டும். சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, தலைக்கு அடியில் உள்ள பிசிறு அதன் மையத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. அகிலன் வண்டி ஓடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது, மற்ற வண்டிகளுக்கு இல்லை. வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்றவனுக்கு அந்தச் சத்தம் போதும்.

ஆணியை டிரில் சக்கில் மாட்டிச் சுற்றவிட்டு, தலைக்கு அடியில் சின்ன அரத்தைச் சாய்வாகக் காட்டினால் பிசிறு போய்விடும். அப்புறம் தண்ணீர் தொட்டு உப்புத்தாள். 400-ல் ஆரம்பி, 600, 1000, 2000 என்று வரிசையாகப் போ, நடுவில் ஒன்றைத் தாண்டாதே. கடைசியில் பித்தளை பாலிஷை ஒரு துணியில் தொட்டுப் பிடி. உன் முகம் தெரிகிற அளவுக்கு வர வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்துக் கழுவிக் காயவைத்து கிராஃபைட் பவுடர் போடு. எண்ணெய் போடாதே, தூசி ஒட்டிக்கொள்ளும், நிறைய இடங்களில் எண்ணெய்க்கு அனுமதியும் இல்லை. பவுடர் போட்டபின் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிவிட்டுக்கொண்டே இரு, உள்ளே படியட்டும்.

முன் சக்கரம் ஒன்றைத் தரையில் படாமல் இம்மி தூக்கி மாட்டுவார்கள். அப்போது மூன்று சக்கரத்தைச் சுழற்றினால் போதும். போட்டி நடத்துகிற உங்கள் குழுவில் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் கேள். வண்டி நேராக ஓடுகிறதா என்பதை ஒரு பலகையில் உருட்டிப் பார். வீடியோவில் அது பாதையின் நடுப்பட்டையில் இடமும் வலமுமாக இடித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு இடிக்கும் வேகம் போகிறது. இதுவும் ஆணி சரியாக இறங்காததால்தான். ஆணியைப் பார் கலை, முதலில் ஆணியைப் பார்.

இந்தப் போட்டி எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1953-ல் கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் டான் மர்ஃபி என்பவர் தொடங்கியிருக்கிறார். அவர் மகனுக்குப் பெரிய வண்டிப் பந்தயத்தில் சேர வயசு பத்தவில்லை. அதனால் அப்பாவும் பிள்ளையும் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு சின்ன மரவண்டிப் பந்தயம் வைத்தார். அதைப் படித்த பிறகு வீடியோவை மறுபடி பார்த்தேன். ஹாலில் பிள்ளைகள் பின்னால் நிற்பது முக்கால்வாசி தகப்பன்மார்கள். மாப்பிள்ளையைத் தேடினேன். நீ கேமரா பிடித்திருக்கிறாய், பக்கத்தில் நின்றிருப்பார், படத்தில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலன்று பேசியபோது குளிக்கிறார் என்றாய். அதற்கு முன்னால் ஆபீஸ் என்றாய். அம்மா நம்பிவிட்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பெண். கல்லூரியில் அத்தனை பையன்களுக்கு நடுவில் மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்று நின்றபோது கவுண்டம்பாளையம் பெரியப்பா என்னென்ன பேசினார், நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, மார்க்கில் காட்டினாய். அதைப் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் அது பெரியப்பாவிடம் காட்ட வேண்டிய பிடிவாதம். என்னிடம் எதற்கு அம்மிணி? ராத்திரி பத்து மணிக்கு அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து மரத்தை ரம்பத்தால் அறுத்தேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். ஒரு கையால் மரத்தைப் பிடித்து ஒரு கையால் அறுத்தால் கோணல்தான் வரும். வண்டியின் பின்பக்கம் கோணலாக இருப்பதை நான் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மேஜையில் மாட்டுகிற சின்ன வைஸ் ஒன்றும் பார்சலில் வைத்திருக்கிறேன்.

பட்டறைச் சுவரில் தொங்குமே, கையால் சுற்றுகிற டிரில், அதுவும் வருகிறது. பல் சக்கரத்தைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்திருக்கிறேன். 6 மில்லி பிட் ரெண்டு, சின்ன அரம் ஒரு செட், உப்புத்தாள் எல்லா நம்பரிலும் இருக்கிறது. அகிலன் கைப்பிடியைச் சுற்றட்டும், நீ ஆணியில் துணியைப் பிடி. கரண்ட் வேண்டாம், பிள்ளைக்கு ஆபத்தும் இல்லை. டிரில்லுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். ஷாஃப்டே கடைந்து அனுப்பியிருப்பேன், பெட்டியில் வந்த ஆணியைத்தான் போட வேண்டும் என்று விதி இருப்பதாகப் படித்தேன், அதனால் விட்டுவிட்டேன்.

போட்டி அடுத்த வருஷம்தான், இப்போதே எதற்கு என்று நினைப்பாய். இந்த வண்டியிலேயே செய்து பழகு. ஆணி நாலையும் கழற்றி முதலில் அதைச் செய். வருகிற வருஷம் எந்த ஊரில் இருந்தாலும் புதுசாக ஒன்று செய்துகொள்ளலாம்.

எங்கள் ரெண்டு பேர் விசாவும் இன்னும் செல்லும். அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதினேனே, அது விமானத்தில் உட்கார முடியாத வலி இல்லை. அங்கே பள்ளிக்கூடம் விட்டதும் அகிலனை யார் கூட்டி வருகிறார்கள்? சாயந்திரம் நீ வரும்வரை எங்கே இருக்கிறான்? மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு எட்டு வயசு, இங்கேயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. நீ வா என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அந்த அறை காலியாக இருக்கிறது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

டிரில் பற்றி அகிலன் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவனையும் ஒன்றும் கேட்காதே, பாவம், அவன் எதையும் உளறவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான்.

பார்சல் வந்ததும் கூப்பிடு. அவன் தூங்கின பிறகு கூப்பிடு, இங்கே அப்போது காலைநேரம்தான், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். மீட்டிங் இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா