ஹவ்ஸ்டன் தெருவில் மத்தியானச் சாப்பாடு

அன்புள்ள மாப்ள முருகேசா,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் மதுரைக்குப் போய் நல்ல எலும்பு டாக்டரைப் பார். சரி, விசாரிப்பு முடிந்தது.

சேது போன் செய்தான். உன் பரோட்டாக் கடையை விலை பேசிவிட்டாயாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு அகலமான இடம் யாருக்கும் அமையாது, செல்போன் ஷோரூம் வைக்கப் போகிறவர் கேட்ட விலை கொடுக்கிறார், முருகேசன் சம்மதித்துவிட்டான் என்றான். இதை நீ சொல்லாமல் அவன் வாயால் நான் கேட்க வேண்டியிருக்கிறது. கோபம்தான், மறைக்க மாட்டேன். போனில் பேசினால் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று சொல்லியே என்னை அமர்த்திவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

சேது பேசிய மறுநாள் இங்கே நியூயார்க்கில் ஒரு கடையில் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் கடை விஷயமும் அதற்குள்ளேயே வரும்.

என் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற யூதப் பெரியவரை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கொடுத்தனுப்பிய சாத்தூர் சேவு மொத்தத்தையும் ஒருவருக்கும் கொடுக்காமல் தின்றாரே, அவர்தான். அவர்தான் கூட்டிப்போனார். மன்ஹாட்டனில் லோயர் ஈஸ்ட் சைடு என்ற பகுதியில், ஹவ்ஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சேருகிற முனையில், காட்ஸ் டெலிகட்டெசன் என்று ஒரு கடை. பதப்படுத்திய கறியும் சாண்ட்விச்சும் விற்கிற இந்த மாதிரிக் கடைகளை எல்லாரும் சுருக்கி 'டெலி' என்பார்கள். 1888-இல் ஐஸ்லாந்து என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன் தம்பிகள் ஆரம்பித்தது. 1903-இல் வில்லி காட்ஸ் கூட்டுச் சேர்ந்தார், 1910-இல் கடை காட்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது.

உள்ளே நுழையும்போதே ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள். கறி வாங்குகிற இடத்தில் ஒரு குறி, சோடா வாங்குகிற இடத்தில் ஒரு குறி என்று அதில் போட்டுக்கொண்டே போவார்கள். சாப்பிட்டு முடித்து வெளியே போகும்போது அதைக் காட்டிக் காசு கட்ட வேண்டும். தொலைத்தால் 50 டாலர் தண்டம். நம் செட்டில் சேதுவை அங்கே கூட்டிப்போகவே முடியாது. எத்தனை தடவை சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனைத் தொலைத்துவிட்டு நம்மைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறான்!

மத்தியான நேரம், நிற்க இடமில்லை. நீளமான மேடைக்குப் பின்னால் கறி வெட்டுகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கூட்டம். நம் முறை வந்ததும் அந்த ஆள் ஆவிப்பெட்டியைத் திறந்து, கரிக்கட்டை நிறத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்துப் பலகையில் போட்டார். அதுதான் பஸ்த்ராமி. முதலில் ஒன்றிரண்டு துண்டுகளை வெட்டிச் சின்னத் தட்டில் வைத்து நம்மிடம் நீட்டுகிறார். ருசி பார்த்துவிட்டுச் சொல், அப்புறம் ரொட்டிக்குள் வைக்கிறேன் என்று அர்த்தம். நான் வாயில் போட்டேன். முதலில் மிளகு, அப்புறம் மல்லி, அப்புறம் புகை, கடைசியில் கொழுப்பு. மாப்ள, மிளகும் வறுத்த மல்லியும் அப்படிச் சேர்ந்து நாக்கில் ஏறியபோது உன் கடைச் சுக்காதான் ஞாபகத்துக்கு வந்தது. பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

செய்முறையைச் சொல்கிறேன், உனக்குத்தான் இது புரியும். மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்துக் கறி. கொழுப்பும் நாருமாக இருக்கும். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த பாகம், அதனால்தான் ஏழைகள் கைக்கு வந்தது. அதை உப்பு, பூண்டு, மசாலா கலந்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். காட்ஸில் 30 நாள் வரைகூட ஊறுமாம். அப்புறம் மேலே மல்லியும் மிளகும் அப்பி, குறைந்த சூட்டில் மெதுவாகப் புகை போடுவது. அப்புறம் வேகவைப்பது. கடைசியில் வெட்டும் நேரம் வரை ஆவியிலேயே வைத்திருப்பது. அவ்வளவு வெந்த கறியை மெஷினில் கொடுத்தால் உதிர்ந்துவிடும். கையால், நாருக்குக் குறுக்காக, கனமாக வெட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் ஊசி போட்டு உப்புநீரைக் கறிக்குள் ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுகின்றன. ருசியில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் நாளே கறியைப் பிரட்டி வைக்காமல் உங்கப்பா சுக்கா போட்டதுண்டா?

ரை மாவு ரொட்டி இரண்டு துண்டு, நடுவில் ஒரு சாண் உயரத்துக்குக் கறி, அரைத்த கடுகு. அவ்வளவுதான். பக்கத்தில் உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய், அரைப்புளிப்பு ஒன்று, முழுப்புளிப்பு ஒன்று. குடிக்க டாக்டர் பிரவுன் கம்பெனியின் செலரி சோடா. 1860களிலிருந்து இந்த ஊரில் ஓடுகிற சரக்கு. செலரி விதையில் சோடாவா என்று முகம் சுளிக்காதே, கொழுப்புக் கறிக்கு அது அவ்வளவு பொருத்தம். ஒரு சாண்ட்விச் 25 டாலருக்கு மேல். அதிகம்தான். ஆனால் கறி விலை ஏறி ஏறி, அந்த விலைக்கு விற்றும் பெரிய லாபம் இல்லை என்று பெரியவர் சொன்னார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவருடைய அப்பாவே பிராங்க்ஸில் ஒரு சின்ன டெலி வைத்திருந்தவர். என்னிடம் இத்தனை வருஷம் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னார்.

காட்ஸுக்குள் அவர் அப்பா காலெடுத்து வைத்திருக்க மாட்டாராம். யூத முறைப்படி கறியும் பாலும் ஒரே சமையலில் சேரக் கூடாது. அதனால் அந்த முறைக்கு உட்பட்ட, அவர்கள் கோஷர் என்று சொல்கிற அசல் டெலியில் வெண்ணெய், சீஸ் எதுவும் இருக்காது. பாலும் மீனும் விற்க வேறு கடைகள். அதே ஹவ்ஸ்டன் தெருவில் ரஸ் அண்ட் டாட்டர்ஸ் என்று, 1914 முதல் நடக்கிற புகைமீன் கடை ஒன்று இருக்கிறது. காட்ஸிலோ கறிமேல் சீஸ் போட்டுக் கேட்டாலும் தருகிறார்கள். பெரியவர் அங்கே சாப்பிட்டாலும் சீஸ் பக்கமே போகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்த காபியும் பால் இல்லாமல்தான்.

அவர் சொன்னதை நான் விடிய விடிய யோசித்தேன். 1880 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் இறங்கியது இந்த ஊரில்தான், நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தது அந்த லோயர் ஈஸ்ட் சைடில்தான். தள்ளுவண்டியில் ஆரம்பித்தவர்கள் அப்புறம் கடை பிடித்தார்கள். 1930களில் நியூயார்க்கில் மட்டும் கோஷர் டெலிகள் 1,500-க்கு மேல் இருந்தன. இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். எப்படிப் போயின? 1924-இல் சட்டம் போட்டுக் குடியேற்றத்தை அடைத்தார்கள். அங்கே ஐரோப்பாவில் மிஞ்சியிருந்தவர்களை ஹிட்லர் ஆட்கள் கொன்றார்கள். இங்கே வளர்ந்தவர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்கு வீடு மாற்றினார்கள். கறியைப் பாக்கெட்டில் போட்டு சூப்பர்மார்க்கெட்டில் விற்றார்கள். கொழுப்பு ஆகாது, உப்பு ஆகாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வாடகை ஏறியது. இதெல்லாம் உண்மைதான், ஆனால் என் அப்பா கடையை மூடியதற்குக் காரணம் நான்தான் என்றார் பெரியவர். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை நின்று நின்று அவருக்குக் கால் நரம்பு சுருண்டுபோயிற்று, இந்தக் கறிவாடை என் மகன்மேல் படக் கூடாது என்று படிக்கவைத்தார், நான் கணக்கனானேன், அவர் கடையை விற்றார் என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடை போனதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லையாம். அப்பாவின் ஊறல்தண்ணிக்கு என்ன அளவு என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லையே, அதுதான் வருத்தமாம். நான்கு பிள்ளைகள், ஒருவருக்கும் தெரியாது.

மாப்ள, உன் முட்டிவலி எனக்குத் தெரியும். விடிவதற்கு முன் எழுந்து ஆட்டுக்கறி வாங்கப் போவது தெரியும். தங்கச்சி எத்தனை தீபாவளிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். பாப்பா டாக்டருக்குப் படிக்கிறது, அது வந்து பரோட்டாக் கல் முன்னால் நிற்க வேண்டும் என்று நான் சொன்னால் செருப்பால் அடி. நீ ஓய்வெடுக்கத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு.

காட்ஸ் கடையும் ஒரு காலத்தில் இதே முட்டுச்சந்தில்தான் நின்றது. 1988-இல், கடைக்குச் சரியாக 100 வயது. அப்போதைய முதலாளிகளுக்குக் கடையை விட்டுச் செல்லப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் இடத்தை மட்டும் விற்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஹோட்டல் தொழில் தெரிந்த பழைய சிநேகிதர் மார்ட்டின் டெல் குடும்பத்துக்குக் கடையைக் கடையாகவே கொடுத்தார்கள். மார்ட்டினின் பேரன் ஜேக் டெல்தான் இப்போது நடத்துகிறார். அவரும் டாக்டருக்குப் படிக்கப் போக இருந்தவர்! இரண்டாம் உலகப் போரில் கடைக்காரர்களின் பிள்ளைகள் ராணுவத்தில் இருந்தபோது, பட்டாளத்திலிருக்கும் பையனுக்கு ஒரு சலாமி அனுப்புங்கள் என்று கடையில் எழுதிப் போட்டார்களாம். அந்த வாசகம் இன்றும் தொங்குகிறது. ரத்தபந்தம் இல்லாத குடும்பம் வந்தும் அதைக் கழற்றவில்லை.

இன்னொரு கடையும் சொல்ல வேண்டும். செகண்ட் அவென்யூ டெலி, 1954-இல் ஏப் லெபவோல் ஆரம்பித்தது. ஹிட்லரிடமிருந்து தப்பிப் பிழைத்து வந்தவர். பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்பியதில்லையாம். 1996-இல் பாங்கில் பணம் கட்டப் போகும் வழியில் சுட்டுக் கொன்றார்கள், கொன்றவன் இன்றுவரை அகப்படவில்லை. 2006-இல் வாடகைத் தகராறில் கடை மூடிப்போயிற்று, அந்த இடத்தில் ஒரு பாங்குக் கிளை வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் ஊரே நினைத்தது. மறுவருஷம் டிசம்பரில் அவர் தம்பி மகன் ஜெரமி வேறு தெருவில், 33-ஆம் தெருவில், அதே பெயரில் திறந்தார். இடம் போனாலும் கடை போகவில்லை, பார்த்தாயா? கார்னகி டெலிக்கு அப்படி யாரும் அமையவில்லை. 1937-இல் தொடங்கியது, 2016 டிசம்பர் முடிவில் கடைசிச் சாப்பாடு. வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதற்கு முந்தின வருஷங்களில் வந்திருந்தால் கடை பிழைத்திருக்குமோ என்னவோ.

அதனால் கேட்கிறேன். நம் மாஸ்டரிடம் பேசினாயா? எட்டாங்கிளாஸ் முடிக்காமல் உங்கப்பாவிடம் டேபிள் துடைக்க வந்தவர். சால்னாவுக்கு எது எவ்வளவு என்பது உனக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும், சில நாளில் உன்னைவிட அவர் கை நன்றாக இருக்கும், நீயே சொல்லியிருக்கிறாய். அவருடைய மூத்த பையனும் கல்லில் நிற்கிறான் என்று சேது சொன்னான். இடத்தை விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள். பாப்பா படிப்புக்கு வாங்கிய கடன் உனக்குத்தான் தெரியும், நான் தலையிட மாட்டேன். ஆனால் பெயரையும் பாத்திரங்களையும் அந்தப் பழைய கல்லையும் மாஸ்டருக்குக் கொடு. பின்னால் தேசபந்து மைதானம் பக்கம் சின்னதாக ஓரிடம் பிடித்துக்கொள்ளட்டும். அட்வான்ஸில் பாதி நான் போடுகிறேன். கடனாக வேண்டாம், நாம் காலேஜில் படித்த காலத்தில் உங்கப்பா என்னிடம் காசு வாங்காமல் போட்ட சாப்பாட்டுக் கணக்கில் வைத்துக்கொள். தங்கச்சி இதற்கு என்ன சொல்லும் என்றும் கேட்டு எழுது, உன்னைவிட அதற்கு யோசனை அதிகம்.

இன்னொன்று, இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். சுக்கா மசாலாவின் அளவை எழுதி வை. கைக்கணக்கு, கண்கணக்கு என்று சொல்லாதே. மாஸ்டர் அரைக்கும்போது பக்கத்தில் தராசை வைத்து நிறுத்து, பாப்பாவை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல். எனக்கும் ஒரு படி வேண்டும். நான் சமைத்துப் பார்ப்பதற்கு இல்லை, இரண்டு ஊரில் இருக்கட்டும் என்றுதான்.

பெரியவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சேவு தீர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஷோரூம்காரரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டாயா இல்லையா? மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் போடலாம், இதை மட்டும் இன்றைக்கே ஒரு வரியில் சொல். வாங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை வாங்காதே. அன்று காலை உன் நேரம் பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், மாஸ்டரையும் பக்கத்தில் உட்கார வை.

அன்புடன்,
ஜோசப்