குழிகளுக்கு எங்கள் கொல்லைகளின் பெயர் வையுங்கள்

எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பின் நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

கிளப்பின் வரலாற்றை மலராக வெளியிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவலாம் என்ற அறிவிப்பையும் வாயிற்கதவில் படித்தேன். என்னிடம் புகைப்படம் ஏதும் இல்லை. என் அம்மா உங்கள் மைதானத்தில் பதினோரு ஆண்டுகள் புல் பறித்தவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மைதானம் வருவதற்கு முன் அங்கே கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்தன. வானம் பார்த்த கொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. நீங்கள் ஏழாவது குழி என்று சொல்லும் இடம் இலுப்பை மரத்துக் கொல்லை. பதினான்காவது குழிக்கு முன்னால் பந்துகள் விழுந்து தொலையும் தண்ணீர், ஊர் மாடுகள் குடித்த பூசாரிக் குட்டை. கடைசிக் குழி இருக்கும் மேட்டைக் கல்லுமேடு என்போம். அங்கே கலப்பை மூன்று சால் ஓட்டுவதற்குள் கொழு மழுங்கிவிடும் என்று தாத்தா சொல்வார். நிலத்தை விற்றவர்கள் விலை பேசி, மனமொப்பித்தான் விற்றார்கள். அதைக் கிளற நான் வரவில்லை. கிரயப் பத்திரத்தில் சர்வே எண்தான் இருந்தது, கொல்லையின் பெயர் இல்லை. அந்தப் பெயர்கள் இன்னும் ஊராரிடம்தான் இருக்கின்றன.

1792இல் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்த பிறகு, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையின் நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான். அந்த வழியில் வந்த வருவாய்த்துறையின் புலப்படமும் அ-பதிவேடும் நிலத்தின் அளவையும் தீர்வையையும் இன்றுவரை காட்டும். இலுப்பை மரத்தை அவை காட்டுவதில்லை.

அம்மாவின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைப்பார்கள். அந்த உயரத்தில் ஒரு கோரை முளைத்தாலும் பந்து திசை மாறும். காலை ஆறு மணிக்கே பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பனியில் நனைந்த புல்லை விரலால் நீவிக்கொண்டே நகர்வார்கள். கோரையை இழுத்தால் வராது. தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும், பத்து நாளில் மறுபடி தலை நீட்டும். அதனால் அம்மா ஒரு பழைய குடைக்கம்பியைத் தட்டிக் கூராக்கி வைத்திருந்தார். தாளை ஒட்டிக் கம்பியைச் செருகி, மெல்லச் சுழற்றி, கிழங்கோடு எடுத்துவிட்டு, குழிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவார். எடுத்த தடம் தெரியாது. மாலையில் அவருடைய கட்டைவிரல் பச்சையாக இருக்கும். அந்த விரலால்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெருமையாக வளர்க்கும் பெர்முடா புல், நம் அறுகம்புல்தான். சன்னமான கலப்பு வகைகள்கூட அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் இணைத்து உருவாக்கியவை. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிற ஊர் இது. கொல்லையில் களை என்று பிடுங்கிப் போட்டதை அதே மண்ணில் குழந்தையைப்போல் பேண வேண்டியிருந்தது என்று அம்மா வியந்து சொல்வார்.

இந்த ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், மைதானத்தில் கோல்ஃப் ஆடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று 1552இலேயே பேராயர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1764இல் அங்கே இருபத்திரண்டாக இருந்த குழிகளைப் பதினெட்டாகச் சுருக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பதினெட்டு இருப்பது அதனால்தான். பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊரார் நடந்து திரிவார்கள். பதினெட்டாவது குழியின் பெயர் டாம் மாரிஸ். அவர் பந்து செய்யும் பட்டறையில் வேலை பழகியவர், ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியின் பட்டத்தை நான்கு முறை வென்றவர், பல ஆண்டுகள் அந்தப் புல்தரையைப் பராமரித்தவர். புல்லைக் காத்தவரின் பெயரைக் குழிக்கு வைப்பது உங்கள் ஆட்டத்தின் சொந்த மரபு.

பை சுமக்கும் கேடிகளைப் பற்றியும் மலரில் எழுதுங்கள். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் பை சுமந்தவர். 2009இல் வென்ற முனியப்பா, நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரில் பை சுமந்து ஆட்டம் பழகியவர். எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் உங்கள் மைதானத்தில் அந்த வேலை பார்த்தார்கள். கிளப் கூடத்தில் தொங்கும் பலகையில் தலைவர்கள், கோப்பை வென்றவர்கள் பெயரெல்லாம் தங்க எழுத்தில் இருக்கின்றன. இவர்கள் பெயர் சம்பளச் சிட்டையில்கூட ஒழுங்காக இல்லை.

நாம் நடுகல் நட்டவர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களுக்குப் போனால் மாடு மீட்டுச் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பார்க்கலாம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த இடத்தில், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் நிற்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. பதினெட்டுக் குழிகளுக்கும் அந்தந்த இடத்தின் பழைய பெயரை எழுதிப் பலகை நடுங்கள். பெயர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும்; இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். மலரில் புல் பறித்தவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள், பை சுமந்தவர்கள் பெயர்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். பெயர்களைச் சேகரிக்கும் வேலையைச் சம்பளமின்றி நான் செய்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் வரப்பு வரப்பாகச் சொல்வார். யாரையாவது நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். பகலில் எந்நேரமும் திண்ணையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
இலுப்பை மரத்துக் கொல்லைக்காரர் பேரன்