பொருள்: நாசமாக வந்து சேர்ந்த ஐந்து எல்.பி., இரண்டு 78 தட்டுகள் – பன்னிரண்டாவது கடிதம்

பெறுநர்: குறைதீர் அலுவலர், இசைத்தட்டு விற்பனைப் பிரிவு

ஐயா / அம்மா,

ஆர்டர் எண்ணை இதற்கு முன் எழுதிய பதினொரு மின்னஞ்சலிலும் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்." அதனால் இந்த முறை அதைக் கடிதத் தலைப்பிலும் உறையின் மேலும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மே 3 அன்று ஆர்டர் செய்தது ஆறு எல்.பி. (12 அங்குலப் பெரிய வினைல் தட்டு), ஒரு ஈ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு), இரண்டு 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு). கட்டியது ரூ. 13,850. அதில் ரூ. 350 "ஸ்பெஷல் பேக்கிங்" கட்டணம் என்று பில்லில் தனியாகவே இருக்கிறது. மே 12 அன்று பார்சல் வந்தது. மூன்று எல்.பி. கவர்கள் அடிப்பக்கம் கிழிந்திருந்தன. இரண்டு தட்டுகள் வளைந்திருந்தன. ஒரு 78 மூன்று துண்டு. இன்னொன்றில் மயிரிழை விரிசல், ஓட்டினால் நிமிடத்துக்கு 78 முறை 'டக்' என்கிறது. தப்பியது ஒரு எல்.பி.யும் அந்த ஈ.பி.யும் மட்டும்.

இசைத்தட்டு விற்கிற கம்பெனிக்கு இசைத்தட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

கவர் ஏன் கிழிந்தது? தட்டைக் கவருக்குள்ளேயே விட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பெட்டி ஒரு தடவை செங்குத்தாகக் கீழே விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் 12 அங்குலத் தட்டின் விளிம்பு கத்தி மாதிரி கவரின் ஒட்டுப்பட்டையைப் பிளந்துவிடும். அதனால்தான் தட்டை இன்னர் ஸ்லீவோடு (தட்டைப் போட்டிருக்கும் மெல்லிய உள்ளுறை) வெளியே எடுத்து, காலிக் கவருக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பாலிதீன் உறைக்குள் போடுவார்கள். சீல் பிரிக்காத புதுத் தட்டுக்கு இதைச் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் வாங்கியதில் ஒன்றுகூட சீல் போட்டது இல்லை. அரை நிமிட வேலை, அதைக்கூடச் செய்யவில்லை.

இதைச் சொன்னதற்குத்தான் மே 19 அன்று உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர், "தட்டு ஓடுதுல்ல? பழைய பிளேட்டுக்கு எதுக்கு சார் இவ்வளவு சீன்? அந்தப் பாட்டெல்லாம் போன்லயே கேக்கலாமே" என்றார். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்தில் நீங்களே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்து, உங்கள் மேலாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள். தட்டுக்கு ஒரு கிரேடு, கவருக்கு ஒரு கிரேடு என்று இரண்டாகப் போட்டு விற்றது நீங்கள். கவர் 'நியர் மின்ட்' (ஏறக்குறையப் புதுசு) என்பதற்காகவே ஒரு எல்.பி.க்கு ரூ. 900 கூடுதலாக வாங்கியதும் நீங்கள். காசு வாங்கும்போது கவருக்கு மதிப்பு உண்டு, கிழிந்து வந்தால் அது வெறும் அட்டையா?

பெட்டிக்கு வருகிறேன். 3 பிளை (மூன்றடுக்கு அட்டை) பெட்டி. புடவைக்குப் போதும். ஒன்பது தட்டுக்கு 5 பிளை இல்லாமல் முடியாது. எல்.பி. கவர் ஒரு பக்கம் பன்னிரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பெட்டியும் சரியாக அதே அளவு, கவர் மூலை நான்கும் பெட்டி மூலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் பெட்டி வாங்கிய ஒவ்வொரு இடியும் நேராகக் கவரின் மூலைக்குப் போயிருக்கிறது. சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடம் விட்டு நிரப்பியிருக்க வேண்டும். தட்டுக் கட்டின் மேலும் கீழும் கவரைவிடக் கொஞ்சம் பெரிய நெளி அட்டை இரண்டிரண்டு வைக்க வேண்டும், ஒன்றின் வரி நெடுக்காக, மற்றதன் வரி குறுக்காக. ஒரே திசையில் வைத்தால் இரண்டும் ஒரே கோட்டில் மடங்கும். நீங்கள் வைத்தது ஒரே ஒரு அட்டை, அதுவும் கீழே மட்டும். மேலே கசக்கிய செய்தித்தாள்.

வளைந்தது ஏன் என்பதற்கு அந்தச் செய்தித்தாளே சாட்சி. அக்னி நட்சத்திர வெயிலில், உங்கள் டிராக்கிங் கணக்குப்படியே, பார்சல் மூன்று நாள் வண்டியில் கிடந்திருக்கிறது. வினைல் 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும். இளகிய தட்டுக்கு மேலும் கீழும் சமமான தாங்கல் இருந்தால் ஓரளவு தப்பிக்கும். ஒரு பக்கம் மட்டும் காகித உருண்டை அழுத்தினால் அந்த இடத்தில் குழியும். இரண்டு தட்டும் அதே இடத்தில்தான் குழிந்திருக்கின்றன. "மேல கனமான புத்தகம் வைங்க சார், சரியாயிடும்" என்று இன்னொருவர் (இவர் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன்) யோசனை சொன்னார்.

78-ஐப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. அது வினைல் இல்லை ஐயா, அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. வளையாது, கண்ணாடி மாதிரி உடையும். 10 அங்குல 78-ஐ 12 அங்குல எல்.பி.களுக்கு நடுவில் செருகி அனுப்பியது யார்? தட்டுக்கு வெளியே சுற்றிலும் ஓர் அங்குலம் வெற்றிடம், அதில் 78 நகர்ந்து நகர்ந்து இடித்திருக்கிறது. 78 தனிப் பெட்டியில் போக வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இருபுறமும் அட்டை, அந்தச் சின்னப் பெட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் இரண்டு அங்குல மெத்தை, அதற்கு மேல் இன்னொரு பெட்டி. 'கண்ணாடி, கவனம்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கிறீர்கள். ஸ்டிக்கரைப் படித்துவிட்டா பார்சல் விழுகிறது?

அன்பாக்சிங் வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். பெரிய ஃபைல் என்றீர்கள், சுருக்கி அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றீர்கள். திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வருவார் என்று மூன்று தேதி கொடுத்தீர்கள், மூன்று நாளும் யாரும் வரவில்லை.

கடைசியில் ஜூன் 7, நீங்களே நேரில் கூரியர் கிடங்கில் கொடுங்கள், வந்த பேக்கிங்கிலேயே கொடுத்தால்தான் ரீஃபண்ட் என்றீர்கள். தாம்பரத்திலிருந்து மாதவரம். உங்கள் பெட்டி, உங்கள் செய்தித்தாள், உங்கள் ஒற்றை அட்டை, எதையும் மாற்றவில்லை. கிடங்கில் இருந்தவர் பெட்டியை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினார். "உள்ள கலகலன்னு ஆடுது சார், இந்த பேக்கிங்ல நாங்க எடுக்க மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இந்த விவகாரத்தில் பேக்கிங் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் பேக்கிங்கை உங்கள் கூரியரே ஏற்க மறுத்த பிறகும், "பொருள் திரும்பி வரவில்லை, டிக்கெட் மூடப்பட்டது" என்று ஜூன் 10-ல் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள்.

அந்த மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்டாலும் தகும். ஆனாலும் நான் கேட்பது நியாயமானதுதான். சேதமான ஏழு தட்டுகளின் முழு விலை, பேக்கிங் கட்டணம் ரூ. 350, மாதவரம் போய்வந்த செலவு. பொருளை உங்கள் ஆளே, தன் பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. என் முதல் புகாரின் தேதி மே 12, இன்று ஜூன் 16. ஏழு நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அதுவரை போக வேண்டியிருக்காது என்று இன்னமும் நம்புகிறேன். தயவுசெய்து கவனியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
மேற்கு தாம்பரம்

பி.கு.: பணத்துக்குப் பதில் மாற்றுத் தட்டு அனுப்பும் யோசனை இருந்தால், பபிள் ரேப்பின் குமிழ்ப் பக்கம் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அந்தக் குமிழ் அச்சு தட்டில் அப்படியே பதிந்துவிடும். கவரின் மேல் நேரடியாகப் பிரவுன் டேப் ஒட்டவே வேண்டாம். தப்பித்த ஒரே எல்.பி.யின் கவரில் அதை உரித்த இடத்தில் படம் போய்விட்டது.