லாக் ஆர்ட் கப்பலின் கதையை எழுதத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1878 ஜூன் 1 அன்று விடியுமுன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரையில் மட்டன்பேர்ட் தீவின் பாறையில் மோதி மூழ்கிய லாக் ஆர்ட் என்னும் பாய்மரக் கப்பலைப் பற்றிய என் நீண்ட கட்டுரை நிறைவடைந்திருக்கிறது. அதன் தலைப்பின்கீழ் என் பெயர் மட்டுமே இருப்பது எனக்கு உறுத்தலாக இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

வார்ணம்பூல் நகரின் ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் கடல்சார் அருங்காட்சியகத்தில் எனக்காக அரை நாள் ஒதுக்கிய பணியாளர்களுக்கு முதல் நன்றி. மெல்போர்னில் 1880இல் நடக்கவிருந்த கண்காட்சிக்காக அக்கப்பலில் ஏற்றப்பட்டு, கப்பலே சிதறிய பின்னும் பெட்டியோடு கரையொதுங்கிய, இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் செய்த பீங்கான் மயில் சிலையின் முன் நின்றபடி, அவர்கள் கேட்ட ஒரு கேள்விதான் கட்டுரையின் போக்கை மாற்றியது. கப்பல் உடைந்த இரவை எல்லாரும் எழுதுகிறார்கள். அது ஓடிய ஐந்தாண்டுகளை யார் எழுதுவார்?

அதற்குப் பின்னரே, 1873இல் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் கட்டப்பட்ட அந்த இரும்புக் கப்பல், கன்னிப் பயணத்திலேயே இருமுறை பாய்மரங்களை இழந்தும் மெல்போர்ன் வந்து சேர்ந்ததைத் தேடிப் படித்தேன். பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியுள்ள ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்துக்கும், கணினி தவறாகப் படித்த எழுத்துகளை வரிவரியாகத் திருத்திவைத்திருக்கும், நான் ஒருநாளும் சந்திக்கப்போகாத தன்னார்வலர்களுக்கும் என் வணக்கம்.

இலங்கையின் வடக்கே கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்து இப்போது மெல்போர்னில் வாழும் பெரியவர் ஒருவருக்கு நான் பட்டிருப்பது தனிக்கடன். ‘கப்பலின் முன்பக்கம்’, ‘குறுக்குக்கட்டை’ என்று நான் எழுதியவற்றை அடித்துவிட்டு அணியம், பருமல் என்று திருத்தித் தந்தார். கேப்டன் கிப் நங்கூரமிட்டும் அது பிடிக்காமல் இழுபட்டதையும், பாய் விரித்து வெளியேற முயன்றும் இயலாமற்போனதையும் நான் படித்துக்காட்டியபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கரைப்பக்கம் காற்றடிக்கையில் பாய்க்கப்பலுக்குத் திரும்ப இடம் வேண்டும் என்பதைக் கையசைவிலேயே விளக்கினார். அப்பத்தி அவருடையது.

கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர் இருவர். பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், தாம் கரையேறிய பின்னும் அலறல் கேட்டு மீண்டும் நீந்திச் சென்று, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அங்கேயே இழந்த ஈவா கார்மைக்கேலைக் கரைசேர்த்தார். பின்பு செங்குத்தான பாறைமீதேறி உதவி தேடினார். செய்தி கேட்டு விரைந்த கிளெனாம்பிள் பண்ணையார் ஹியூ கிப்சன் குடும்பத்தார், ஈவாவைத் தம் வீட்டில் வைத்துப் பேணினர். இத்தனை ஆண்டு கழித்து அயலான் ஒருவன் அவர்களுக்கு நன்றி கூறுவது பொருந்துமா என்று தெரியவில்லை. கூறாமல் இம்மடலை முடிக்க மனம் வரவில்லை.

மழையில் வண்டியோட்டி வந்து, பாறையுச்சியிலுள்ள கல்லறைகளின் பெயர்களை நான் படியெடுத்து முடியும்வரை குடைபிடித்து நின்ற நண்பருக்கும் நன்றி. கட்டுரையில் எஞ்சியுள்ள பிழைகள் என்னுடையவை, சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன்.

பணிவுடன்,
கட்டுரையாளன்