சிங்கராஜ வனத்துக்கு ஒரு நாள்

அன்பின் நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று வாசித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. மகள் படிப்பை முடித்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பத்திரிகையைத் தானே வாசிக்கிறார்.

பெப்ரவரியில் வரும்போது எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். இலங்கையின் தென்மேற்கே உள்ள மழைக்காடான சிங்கராஜ வனத்துக்குப் போவோம். சென்ற மாதம் அருகிலுள்ள தெனியாய ஊரில் இரவு தங்கி, விடியற்காலையில் ஜீப்பில் மெதிரிப்பிட்டிய வரை போய், தேயிலைக்கு நடுவே நடந்து வனத்தின் பிட்டதெனிய வாயிலை அடைந்தேன். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எனக்கு வாய்த்தவர் அடுத்த கிராமத்துக்காரர், அந்தக் காட்டின் ஓரத்திலேயே வளர்ந்தவர். அவர் இல்லாமல் போயிருந்தால் பச்சை இலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

அவர் கண்ணால் தேடுவதே இல்லை, நண்பா. நின்று கேட்கிறார். ஓர் இடத்தில் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். முதலில் தவிட்டுக்குருவிகளின் கலகலப்பு. செம்மஞ்சள் அலகு கொண்ட அந்த இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. பின்னாலேயே கொண்டைக் கரிச்சான் வந்தது. அடுத்த சில நிமிடங்களில் மேலும் கீழும் பல இனப் பறவைகள், ஒரே ஊர்வலமாக எங்களைக் கடந்தன. தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளற, வெளியே பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் பிடிக்கிறது. பதிலுக்கு, வல்லூறு வந்தால் முதலில் எச்சரிப்பதும் அதுதான். மற்றப் பறவைகளின் குரலைப் போலவே கத்தி அவற்றைக் கூட்டத்துக்கு அழைக்கவும் அதற்குத் தெரியும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகமவும் அவருடைய மாணவர்களும் இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பல ஆண்டுகளாக இதே வனத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு நீல மாக்பை வந்து அமர்ந்தது. செம்பழுப்புத் தலை, சிவந்த அலகு, நீண்ட நீல வால். நான் மூச்சுவிடவும் மறந்து நின்றேன்.

காது எவ்வளவு பெரிய கருவி என்பதற்கு இன்னொரு சான்றும் இதே வனத்தில் இருக்கிறது. தீபால் வாரகாகொட என்ற பறவையியலாளர் 1990களில் கித்துல்கல பக்கத்துக் காட்டில் இரவில் அறிமுகமில்லாத ஒரு குரலைக் கேட்டார். விடாமல் அதைத் தேடி, 2001ஆம் ஆண்டு சிங்கராஜவில் அந்தப் பறவையை நேரில் கண்டார். அதுவரை அறிவியல் அறியாத சிறிய ஆந்தை அது. 2004இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

கெக்குண எல்ல நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதை சற்று வழுக்கும், ஆனாலும் உன் முழங்கால் தாங்கும். ஊன்றுகோல் ஒன்று கொண்டு வா. வழியில் மூக்கு நுனியில் உருண்டைக் குமிழ் உள்ள பச்சை ஓணான் ஒன்றை வழிகாட்டி காட்டினார். தாழ்ந்த கிளையில் பச்சை விரியனும் சுருண்டு கிடந்தது. விரல் நீட்டிக் காட்டிய பிறகும் எனக்கு அது தெரிய வெகுநேரம் பிடித்தது. சிறுத்தையும் உண்டு, ஆனால் கண்ணில் படுவது மிக அரிது. நீர்வீழ்ச்சி உயரமானதல்ல. கீழே உள்ள குளத்தில் இறங்கியபோது குளிர் எலும்பு வரை ஏறியது. அங்கேதான் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம்.

அட்டைக்குப் பயப்படாதே. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாயிலருகே கிடைக்கும்; சவர்க்காரம் பூசிக்கொண்டாலும் ஓரளவு தடுக்கும்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்த வனத்தின் மேற்குப் பக்கத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இலங்கைக்கே உரியவை. அன்று குரல் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சம் நன்றியால் நிறைகிறது. நாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே யாரோ நமக்காகப் போராடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒலிபெருக்கியோடு வந்து நீர்வீழ்ச்சியில் கும்மாளமிடுவோரைக் கண்டபோது உண்மையிலேயே கோபம் வந்தது. அவர்கள் போன பிறகும் அந்தப் பக்கத்தில் ஒரு குருவியின் சத்தமும் இல்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை கொஞ்சம் குறைவு, ஆகையால் நீ வரும் காலம் பொருத்தமானதே. அதே வழிகாட்டியிடம் சொல்லி வைக்கவேண்டும். வார இறுதியைத் தவிர்ப்போம். பயணச்சீட்டு உறுதியானதும் திகதியை எழுது. உன் பழைய இருவிழித் தொலைநோக்கி இன்னும் இருந்தால் அதையும் எடுத்து வா, என்னுடையதில் ஒரு கண்ணாடி மங்கிவிட்டது.

உன் அன்பு நண்பன்