ஆங்கிலப் பிரிபொசிஷனுக்குத் தமிழ் வேற்றுமையிலிருந்து வழி காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஆங்கில மாதிரி வினாக்கள் வருகின்றன. அதில் பிரிபொசிஷன், அதாவது 'இன்', 'பை' போல இடம், காலம், உறவைக் காட்டும் சின்னச் சொற்கள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோடிட்ட இடம், நாலு விடை, அடியில் எது சரி என்ற குறிப்பு. ஏன் சரி என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு மார்க்தானே என்று பள்ளியிலும் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு மார்க், பிள்ளைகள் வேலைக்கு வந்த பிறகு என்ன விலையில் வந்து நிற்கிறது என்பதைத் திருப்பூரில் அன்றாடம் பார்க்கிறவள் நான்.

பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பையர் (நம்மிடம் ஆடை வாங்குகிறவர்) அனுப்பும் மெயிலைப் படித்துக் கட்டிங்குக்கும் தையலுக்கும் பேக்கிங்குக்கும் சொல்வதும், இங்கிருந்து பதில் எழுதுவதும் என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பில்தான். சென்னிமலை, காங்கேயம், தாராபுரம், கோபி பக்கமிருந்து வருகிற பிள்ளைகள், பலரும் வீட்டில் முதல் பட்டதாரி. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்கள், டென்ஸும் தேறிவிடுகிறது. இடறுவதெல்லாம் 'இன்', 'ஆன்', 'அட்', 'பை', 'வித்' என்ற சின்னச் சொற்களில்.

ஒரு ஜெர்மன் பையர், சைஸ் செட் சாம்பிள் (ஒவ்வொரு அளவிலும் தைத்த மாதிரி ஆடைகள்) 'வித் அஸ் பை ஃப்ரைடே' என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று பொருள். சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண், வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்குக் கூரியர் போட்டாள். சாம்பிள் போய்ச் சேர்ந்தபோது அங்கே மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அக்கா, 'பை'ன்னா 'ஆல்'னு தானுங்க இஸ்கோல்ல சொல்லிக் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமையால்னா என்னங்கக்கா அர்த்தம்?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. 'ராமனால் எழுதப்பட்டது' என்பதற்கு 'பை' வரும் என்று செயப்பாட்டு வினைப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். கெடு சொல்லும்போது அதே 'பை' நம்முடைய 'குள்' ஆகிவிடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. 'வெள்ளிக்கிழமைக்குள் கொடு', 'வெள்ளிக்கிழமை வரை வைத்திரு' என்ற இரண்டையும் கொங்கு நாட்டில் எந்தக் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது. முதலாவது 'பை', இரண்டாவது 'அண்டில்'. வேறுபாடு அவள் வாயிலேயே இருக்கிறது. அதை ஆங்கிலத்தோடு கோத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

நான் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். அதே பள்ளியில், அதே வகுப்பில், தமிழாசிரியர் மூன்றாம் வேற்றுமையை நடத்துகிறார். 'கத்தியால் வெட்டினான்' என்றால் கருவிப் பொருள், 'அரசனால் கட்டப்பட்டது' என்றால் கருத்தாப் பொருள், 'தாயோடு வந்தாள்' என்றால் உடனிகழ்ச்சிப் பொருள் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அடுத்த மணியடித்து ஆங்கில ஆசிரியர் வருகிறார். கருவிக்கு 'வித்', கருத்தாவுக்கு 'பை', உடனிகழ்ச்சிக்கு மறுபடியும் 'வித்' என்று அவர் சொன்னால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. சொல்வதில்லை. இரண்டு பாடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் பத்தாம் வகுப்பு வரை போகின்றன.

காலத்தைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். 'மார்ச் மாதத்தில்' என்கிறோம், 'திங்கட்கிழமை' என்று உருபே இல்லாமல் சொல்கிறோம், 'ஐந்து மணிக்கு' என்கிறோம். மாதம், கிழமை, மணி மூன்றையும் தமிழ் மூன்று விதமாக நடத்துகிறது. ஆங்கிலமும் அப்படியே 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிக்கிறது. 'இரண்டு வாரமாக' என்றால் 'ஃபார்', 'திங்கட்கிழமையிலிருந்து' என்றால் 'சின்ஸ்'. நீளத்துக்கு 'ஆக', தொடக்கத்துக்கு 'இலிருந்து' என்று ஒருமுறை காட்டிவிட்டால், 'சின்ஸ் டூ வீக்ஸ்' என்று எழுதுகிற கை தானாக நின்றுவிடுகிறது. எங்கள் ஆபீஸில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடத்தைச் சொல்லும்போதுதான் சிக்கல். நமக்கு 'இல்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுகிறது. 'பாலிபேகில் (ஆடையைப் போடும் பிளாஸ்டிக் பையில்) ஸ்டிக்கர்' என்று நான் பேக்கிங்கில் போய்ச் சொன்னால், "உள்ள போடறதா, மேல ஒட்டறதாங்க?" என்று உடனே கேட்பார்கள். பையர் அந்தக் கேள்விக்கு இடம் வைப்பதில்லை. 'இன்' என்றால் பைக்குள், 'ஆன்' என்றால் பையின் மேற்பரப்பில். பார்கோடு ஸ்டிக்கர் உள்ளே போய்விட்டால், பெட்டிகளைத் திரும்பப் பிரித்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அந்த இரவு வேலையைச் செய்கிறவர்கள் பேக்கிங்கில் இருக்கும் பெண்கள், மெயிலைப் படித்தவர்கள் அல்ல. அதனால் 'இல்' வருகிற இடத்திலெல்லாம் உள்ளேயா, மேலேயா, ஒரு புள்ளியிலா என்று கேட்டுப் பார்க்கப் பழக்குகிறேன். உள்ளே என்றால் 'இன்', தொட்டுக்கொண்டு மேலே என்றால் 'ஆன்', புள்ளி என்றால் 'அட்'. எல்லா இடத்துக்கும் இது பொருந்திவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தச் சொற்களின் எடை எவ்வளவு என்று கேட்பவர்கள் வங்கியில் எல்.சி., அதாவது சரக்குக்குப் பணம் தர வங்கி உறுதி சொல்லும் கடன் கடிதம், பார்க்கிறவர்களிடம் விசாரிக்கலாம். கடன் கடிதங்களுக்கான யு.சி.பி. 600 விதிகளைப் பாரிஸில் இருக்கும் பன்னாட்டு வணிகச் சபை வெளியிட்டது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதன் 3ஆம் பிரிவு இந்தச் சின்னச் சொற்களைப் பற்றியும் பேசுகிறது. சரக்கு ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது 'டூ', 'அண்டில்', 'டில்', 'ஃப்ரம்', 'பிட்வீன்' என்று வந்தால் குறிப்பிட்ட தேதியும் கணக்கில் சேரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று வந்தால் சேராது. அதே 'ஃப்ரம்' பணம் செலுத்தும் தவணைத் தேதியைக் கணக்கிட வந்தால் அந்தத் தேதி சேராது! 'ஆன் ஆர் அபவுட்' மார்ச் 15 என்று எழுதினால் மார்ச் 10 முதல் 20 வரை, இரு முனையும் சேர்த்து என்று பொருள். உலக வணிகமே உட்கார்ந்து வரையறுத்து வைத்திருக்கிற சொற்களை நாம் ஒரு மார்க்கில் முடித்துவிடுகிறோம்.

தமிழ் கைகொடுக்காத பகுதியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 'டிப்பெண்ட்' என்றால் 'ஆன்', 'கம்ப்ளை' என்றால் 'வித்', 'கன்சிஸ்ட்' என்றால் 'ஆஃப்'. காரணம் தேடாமல் வினையோடு சேர்த்தே படிக்க வேண்டியவை இவை. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால், பேசும் விஷயத்தைச் சொல்லும்போது பிரிபொசிஷன் எதுவும் வராது. நாம் 'அதைப் பற்றி' என்று நினைத்துக்கொண்டு 'அபவுட்' சேர்த்துவிடுகிறோம். வார இறுதிக்கு அமெரிக்கர் 'ஆன்' போடுகிறார், பிரிட்டிஷ்காரர் 'அட்' போடுகிறார். இதற்கெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாம், தவறில்லை. விளங்கக்கூடியதையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வைப்பதுதான் தவறு.

உங்கள் கல்விப் பக்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். கோடிட்ட இடங்களோடு, ஒரே ஒரு சொல் மாறிய இரட்டை வாக்கியங்களையும் கொடுங்கள். 'பை ஃப்ரைடே', 'அண்டில் ஃப்ரைடே' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பொருள் வேறுபாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். விடை தரும்போது பக்கத்திலேயே தமிழ் உருபையும் அச்சிடுங்கள். இரண்டாவது, தமிழாசிரியர் ஒருவரும் ஆங்கில ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதும் சிறு தொடர் ஒன்றைத் தொடங்குங்கள். மூன்றாம் வேற்றுமையும் 'வித்', 'பை' இரண்டும் முதல் வாரத்துக்குப் போதும். திருப்பூர் மெயில்களிலிருந்து பெயர்களை நீக்கி எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டுமென்றால், எழுதி அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
பின்னலாடை மெர்ச்சண்டைசர் ஒருவர்,
அவிநாசி.