மலருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மலருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டி வலி பரவாயில்லை. பெரியத்தை விஷயம் போனில் சொன்னதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நீ ஜப்பானில் இருக்க, நான் இங்கே ஜப்பானிய மொழி கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. எழுத்தெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், வாய்ப்பேச்சு மட்டும்தான். யூடியூபில் ஒரு பெண் நிதானமாகச் சொல்லித் தருகிறாள். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருவதால் வாக்கியம் சட்டென்று பிடிபடுகிறது. 'சுமிமசென்'தான் படுத்துகிறது. மன்னிப்புக் கேட்கவும் அதுவே, ஓட்டலில் ஆளைக் கூப்பிடவும் அதுவே, யாராவது உதவி செய்தால் நன்றி சொல்லவும் அதுவேயாம். நன்றிக்கு 'அரிகாதோ' என்று தோழிகளிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் 'கொசாய்மஸ்' சேர்க்க வேண்டுமாம். பார்த்துப் பேசு. ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலை பாஸ் செய்தவளுக்கு நான் சொல்கிறேன் பார்! அந்தச் சான்றிதழின் நகலை அப்பா லேமினேட் போட்டு வைத்துக்கொண்டு, பால்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது.

சாப்பிடும் முன் 'இததாகிமஸ்', முடித்ததும் 'கோச்சிசோசமா'. நேற்று அப்பா ரசம் சாதத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கொன்பினிக் கடையில் ஓனிகிரி சோற்று உருண்டை வாங்கி ராத்திரியை ஓட்டாதே.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெகிமஸ்', வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷாய்'. நம் 'போயிட்டு வரேன்', 'போயிட்டு வா'வேதான். திரும்பி வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'ததாய்மா'. உள்ளே இருப்பவர் 'ஒகாஏரி'.

போன ஞாயிறு நீ பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாய். சாவிச் சத்தம் கேட்டது. 'ததாய்மா' என்றாய். தனியாக இருப்பவர்களும் பழக்கத்தில் சொல்வதுண்டாம். உடனே உள்ளேயிருந்து ஏதோ குரல் கேட்டது. டிவியாக இருக்கும். ஆனால் வெளியே போகும்போது டிவியை அணைத்துவிட்டுப் போ, கரண்டு பில் அங்கே அதிகம் என்று நீதானே சொன்னாய். அப்பா அப்போது பக்கத்தில் இல்லை.

உன்னை அனுப்பும்போது மாமா கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் உனக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் வாரம் ஒரு தடவையாவது பத்து நிமிஷம் ஒழுங்காகப் பேசு. எதைக் கேட்டாலும் 'தாய்ஜோபு', பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பருப்புப் பொடி அரைக்கப் போகிறேன். ஒரு ஆளுக்கு அரைக் கிலோ தாராளம். கூடப் போட வேண்டுமானால் சொல். காரத்தைக் குறைக்க வேண்டுமானாலும் சொல்.

அம்மா